பல வருஷமாக அல்பிரசோலம் (பதற்ற மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு எஃப்13.20 (தூக்க, பதற்ற மருந்து டிபென்டென்ஸ்) போடலாமா?

சோழிங்கநல்லூர்_கோடர்

எல்லாருக்கும் வணக்கம். நான் மெடிக்கல் கோடர், டாக்டர் நோட்டைப் படித்து நோய்க் கோடு போடுகிற வேலை. ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் டீமில் (நோய்களை வைத்து பிளானுக்குப் பணம் கணக்கிடுகிற பக்கம்) இருக்கிறேன், தினமும் அமெரிக்க மெடிகேர் அட்வான்டேஜ் (அரசின் மெடிகேர் காப்பீட்டைத் தனியார் பிளான் வழியாகத் தருவது) சார்ட்டுகள்தான். இந்த வாரம் க்யூஏ-வில் (எங்கள் கோடிங்கைச் சரிபார்க்கிறவர்) ஒரு எர்ரர் விழுந்திருக்கிறது. ரீபட்டல் (மறுப்பு) போட நாளைக்குத்தான் கடைசி, அதற்குள் அனுபவசாலிகள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சார்ட் இதுதான். 71 வயது அம்மா, ஃபேமிலி மெடிசின் விசிட். ஆங்சைட்டிக்காக அல்பிரசோலம் 0.5 மி.கி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பல வருஷமாக அதே டோஸ். அசெஸ்மென்ட்டில் டாக்டர் எழுதியிருப்பது: "ஜிஏடி, ஸ்டேபிள். ஃபிசியாலஜிக்கலி டிபென்டென்ட் ஆன் பென்சோ, டேக்கிங் ஆஸ் பிரிஸ்கிரைப்டு, நோ மிஸ்யூஸ். டேப்பர் பற்றிப் பேசினேன், நோயாளிக்கு இப்போது விருப்பமில்லை. ரீஃபில்." அவ்வளவுதான். ஜிஏடி என்றால் பொதுவான பதற்ற நோய், பென்சோ என்றால் அல்பிரசோலம் சேர்ந்த பென்சோடயசெபின் மருந்து வகை, டேப்பர் என்றால் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

நான் எஃப்41.1 (ஜிஏடி), கூடவே இசட்79.899 (நீண்ட காலம் மருந்து எடுப்பவர்) போட்டு முடித்துவிட்டேன். க்யூஏ என்ன சொல்கிறார் என்றால், டிபென்டென்ட் என்ற வார்த்தை இருக்கிறது, டேப்பர் பற்றிப் பேசியிருப்பதால் மீட்டும் (அந்த நோயை டாக்டர் கவனித்ததற்கான ஆதாரம்) இருக்கிறது, எஃப்13.20 மிஸ் பண்ணிவிட்டாய், அது எச்சிசி கோட் (பிளானுக்குக் கூடுதல் பணம் தருகிற நோய்ப் பிரிவு), அதனால் கிரிட்டிகல் எர்ரர் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே வரியிலேயே டாக்டர் "நோ மிஸ்யூஸ்" என்றும் எழுதியிருக்கிறாரே? சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிற ஒரு வயதான அம்மா பேரில் போதை மருந்து டிபென்டென்ஸ் என்று நாம் எப்படி ஏற்றுவது?

இன்னொன்று, என் ரூம்மேட் ஈடி (எமர்ஜென்சி) டீமில் இருக்கிறாள், அவளுக்கு வந்த சார்ட். குளோனசெபாம் (அதுவும் பென்சோ) ரீஃபில் தீர்ந்துபோய் சில நாளாகச் சாப்பிடவில்லை, கை நடுக்கம், வியர்வை, தூக்கம் இல்லை, ஹாலுசினேஷன் கிடையாது. ஃபைனல் இம்ப்ரெஷன் "பென்சோடயசெபின் வித்ட்ராயல்" (மருந்தை நிறுத்தியதால் வரும் உபாதை), வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யூஸ், அப்யூஸ், டிபென்டென்ஸ் எதுவுமே எழுதவில்லை. இதற்கு எஃப்13.239-ஆ (டிபென்டென்ஸுடன் வித்ட்ராயல்), எஃப்13.939-ஆ (வெறும் யூஸுடன் வித்ட்ராயல்)?

பழைய_ஆடிட்டர்

தம்பி, முதல் சார்ட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதும் முழுசாகச் சரியில்லை, உங்கள் க்யூஏ சொல்வதும் சரியில்லை. அது க்வெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) போக வேண்டிய சார்ட்.

ஏன் என்று சொல்கிறேன். ஐசிடி-10-சிஎம் (அமெரிக்க நோய்க் கோடு பட்டியல்) கைட்லைனில் செக்‌ஷன் 1.ஏ.19 இருக்கிறதே, டாக்டர் ஒரு நோய் இருக்கிறது என்று எழுதிவிட்டால் அதற்கான கிளினிக்கல் அடையாளங்கள் இருக்கிறதா இல்லையா என்று கோடர் தோண்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அதனால் அவர் வெறுமனே "பென்சோடயசெபின் டிபென்டென்ஸ்" என்று டயக்னோசிஸாக எழுதியிருந்தால் எஃப்13.20 தவிர வேறு வழியில்லை, கோடு புத்தகத்தின் இண்டெக்ஸ் அங்கேதான் கொண்டுபோய் விடும், உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஆனால் இவர் அப்படி எழுதவில்லை. ஒரு கையால் ஃபிசியாலஜிக்கலி டிபென்டென்ட் என்கிறார், மறு கையால் சொன்னபடி எடுக்கிறார், மிஸ்யூஸ் இல்லை என்கிறார். இப்படி இழுபறியாக இருந்தால் வார்த்தையை மட்டும் பிடுங்கிக்கொண்டு கோட் போடுவது க்யூஏ-வின் வேலையும் இல்லை, அதே மாதிரி "இது டிபென்டென்ஸ் இல்லை" என்று முடிவு கட்டுவது உங்கள் வேலையும் இல்லை.

இசட்79-க்கு வருவோம். அந்த கேட்டகரியின் கைட்லைனை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள், பல பேர் படிப்பதே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நீண்ட காலம் தொடர்ந்து எடுப்பவருக்கு அது. அடிக்‌ஷன் இருப்பவருக்கு இல்லை, டீடாக்ஸ் அல்லது வித்ட்ராயல் வராமல் தடுக்கிற மெயின்டனன்ஸ் புரோகிராமுக்கும் இல்லை. ஆக நீங்கள் இசட்79.899 போட்டது, இந்த அம்மாவுக்கு யூஸ் டிஸ்ஆர்டர் இல்லை என்று டாக்டர் சொன்னால் பொருந்தும்.

எச்சிசி என்பதற்காகக் கிரிட்டிகல் எர்ரர் என்கிறாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மெடிகேர் பணம் கணக்கிட வைத்திருந்த பழைய வி24 மாடலில் எஃப்13.20 எச்சிசி 55-ல் இருந்தது, அதற்கு நல்ல பணம். 2024-லிருந்து படிப்படியாக வந்த வி28 இப்போது 2026-க்கு முழுசாக வந்துவிட்டது, அதில் சப்ஸ்டன்ஸ் யூஸ் பிரிவுகளைப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். பணம் இருக்கிற கோடு என்றால் ஆர்ஏடிவி ஆடிட்டில் (பிளானுக்குத் தந்த பணம் சரியா என்று சார்ட்டை வைத்துச் சரிபார்ப்பது) முதலில் திறந்து பார்ப்பதும் அதைத்தான். அன்றைக்கு சார்ட்டில் "நோ மிஸ்யூஸ்" என்று டாக்டர் கைப்பட இருந்தால் பிளான் என்ன பதில் சொல்லும்? பணம் திரும்பப் போகும். நம் வேலையில் மிஸ் பண்ணுவது ஒரு தப்பு என்றால், இல்லாததை ஏற்றுவது அதைவிடப் பெரிய தப்பு.

இரண்டாவது சார்ட். இண்டெக்ஸில் வித்ட்ராயல் ஸ்டேட் என்று போனால் டிபென்டென்ஸ் பார் என்று திருப்பி அனுப்பும், அதனால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எஃப்13.23- போடுவார்கள். ஆனால் எஃப்13.93- என்று தனியாகவே ஒரு வரிசை இருக்கிறது. அப்யூஸுடன் வித்ட்ராயல் என்றால் எஃப்13.13-, அது 2020 அக்டோபரில் வந்தது. மூன்றில் எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆக இதுவும் க்வெரி. கடைசி இலக்கம் பற்றியும் ஒரு வார்த்தை: ஹாலுசினேஷன் எதுவும் எழுதவில்லை என்பதற்காக நீங்களாகவே 0 போட்டுவிடாதீர்கள், அன்காம்ப்ளிகேட்டட் என்று டாக்டர் சொல்லட்டும், இல்லாவிட்டால் 9 தான்.

இம்ப்ரெஷனில் "ப்ராபபிள்" என்ற வார்த்தை இருந்திருந்தால் கதையே வேறு. ஈடி-யிலிருந்து வீட்டுக்குப் போனவர் அவுட்பேஷன்ட், சந்தேகத்தைக் கோட் பண்ண முடியாது, நடுக்கத்துக்கு ஆர்25.1, வியர்வைக்கு ஆர்61 என்று அறிகுறியோடு நிற்க வேண்டியதுதான். அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் சம்மரியில் ப்ராபபிள் இருந்தால் மட்டும் இருப்பதாகவே வைத்துக் கோட் பண்ணலாம்.

ரீஃபில் ஏன் தீர்ந்தது என்று நோட்டில் இருந்தால் அண்டர்டோசிங் (சொன்னதைவிடக் குறைவாக எடுத்தது) டி42.4எக்ஸ்6ஏ-வும் பார்க்கச் சொல்லுங்கள், அதோடு சேர்கிற இசட்91.1- காரணக் கோடும். டி42.4எக்ஸ்6ஏ-வை ஒருபோதும் முதல் கோடாக வைக்கக் கூடாது.

மனநல_டாக்டர்_ஓஹையோ

கோடர்கள் பேசுகிற இடத்தில் டாக்டர் வந்து தலையிடுகிறேன், மன்னிக்கவும். ஆனால் நாங்கள் எழுதுவதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள், அதனால் எங்கள் பக்கம் இது எப்படித் தெரிகிறது என்று சொன்னால் க்வெரி எழுத உதவும்.

பென்சோ மாத்திரையைச் சில வாரம் தினமும் எடுத்தாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், தூக்கமின்மை, மோசமாகப் போனால் வலிப்பு. அல்பிரசோலம் மாதிரி சீக்கிரம் உடம்பைவிட்டுப் போகிற மருந்தில் ஓரிரு நாளிலேயே ஆரம்பிக்கும், டயசெபாம் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். இது ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் வரும். எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2020 செப்டம்பரில் எல்லா பென்சோ மருந்துகளின் பெட்டி எச்சரிக்கையிலும் சேர்த்த விஷயம் இது. இதற்குப் பேர் உடல் சார்பு, நோய் இல்லை, மருந்தின் இயல்பு.

யூஸ் டிஸ்ஆர்டர் என்பது நடத்தை. டிஎஸ்எம்-5-ல் (மனநல நோய்க் கையேடு) 11 அளவுகோல்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் பார்க்க வேண்டும். நினைத்ததைவிட அதிகமாக எடுப்பது, குறைக்கப் பார்த்து முடியாமல் போவது, மாத்திரை தேடியே நாள் போவது, ஏக்கம், வேலையையும் வீட்டையும் கவனிக்க முடியாமல் போவது, எடுத்துவிட்டு வண்டி ஓட்டுவது, கெடுதல் என்று தெரிந்தும் விடாமல் எடுப்பது, இந்த மாதிரி. 2, 3 இருந்தால் மைல்டு, 4, 5 மாடரேட், 6-ம் அதற்கு மேலும் சிவியர். மைல்டு எஃப்13.10-க்குப் போகும், மாடரேட்டும் சிவியரும் எஃப்13.20. இதில் முக்கியமான ஒரு விதி: டாலரன்ஸும் (உடம்பு பழகி அதே டோஸ் போதாமல் போவது) வித்ட்ராயலும் டாக்டர் மேற்பார்வையில் சொன்னபடி எடுப்பவருக்குக் கணக்கில் சேராது. அந்த 71 வயது அம்மாவுக்கு அந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் டிஎஸ்எம் கணக்கில் அவருக்கு பூஜ்யம்.

நான் கிளினிக்கில் என்ன பார்ப்பேன் என்று கேட்டால், முதலில் மாநிலத்தின் பிடிஎம்பி பதிவேடு (கட்டுப்பாட்டு மருந்துகளை யார் எங்கே வாங்கினார் என்ற பட்டியல்). எத்தனை டாக்டரிடம் வாங்குகிறார், முப்பது நாள் மாத்திரைக்கு இருபதாம் நாளே வருகிறாரா, கூடவே ஓபியாய்டு யாராவது எழுதியிருக்கிறார்களா. மெடிகேர் பார்ட் டி (மருந்துக் காப்பீடு) க்ளெய்மை மட்டும் வைத்து ஹிஸ்டரி சொல்ல முடியாது, ரொம்ப வருஷமாக எடுப்பவர் என்றால் 2013 ஜனவரிக்கு முன் பார்ட் டி பென்சோவுக்குப் பணம் தந்ததே இல்லை. அப்புறம் யூரின் டெஸ்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண முதல் கட்ட இம்யூனோஅஸே டெஸ்ட் டயசெபாம் வகையை நன்றாகப் பிடிக்கும், குளோனசெபாம், லோராசெபாம் இரண்டையும் அடிக்கடி தவறவிடும். நெகட்டிவ் வந்தால் மாத்திரையை விற்றுவிட்டார் என்று நோயாளியைச் சந்தேகப்படுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள், கன்ஃபர்மேட்டரி (உறுதிசெய்கிற) டெஸ்ட் அனுப்பினால் மருந்து அங்கேயே இருக்கும். அந்த நெகட்டிவ் ரிசல்ட்டை வைத்து எழுதின "மிஸ்யூஸ்" என்ற வார்த்தையை நீங்கள் சார்ட்டில் படித்துக் கோட் பண்ணுகிறீர்கள்.

ஈடி சார்ட்டுக்கு: டிஎஸ்எம்-5-டிஆர், யூஸ் டிஸ்ஆர்டர் இல்லாமல் வருகிற வித்ட்ராயலுக்கு எஃப்13.930, எஃப்13.932 என்று கோடே காட்டியிருக்கிறது. ரீஃபில் கிடைக்காமல் வந்தவர் என்றால் பெரும்பாலும் அந்த ரகம்தான், ஆனால் பெரும்பாலும் என்பது டயக்னோசிஸ் இல்லை, அந்த ஈடி டாக்டரைக் கேளுங்கள்.

நியூஜெர்சி_மகள்

நான் கோடர் இல்லை, என் அப்பாவின் ரெக்கார்டில் இதே கோடு ஏறிப் படாத பாடு பட்டவள். யாரோ தேடிப் படிக்கும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு அப்பாவுக்குத் தூக்கமே இல்லை, டாக்டர் லோராசெபாம் எழுதிக்கொடுத்தார், ராத்திரி அரை மாத்திரை, ஒரு நாளும் கூட எடுத்தது கிடையாது. ஒரு வருடாந்தர வெல்னஸ் விசிட்டுக்குப் பிறகு போர்ட்டலில் பார்த்தால் பிராப்ளம் லிஸ்டில் "செடேட்டிவ், ஹிப்னாட்டிக் ஆர் ஆங்சியோலிட்டிக் டிபென்டென்ஸ்" என்று இருக்கிறது. யாரும் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்து முட்டி ஆபரேஷனுக்குப் போனபோது ப்ரீ-ஆப் நர்ஸ் அதைப் படித்துவிட்டு, என்ன என்ன எடுக்கிறீர்கள், தெருவில் வாங்குவீர்களா என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க சிகரெட்டைக்கூடத் தொடாத மனுஷர். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு மாத்திரை கேட்கவே கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திருத்த வழி இருக்கிறது. எச்ஐபிஏஏ (நோயாளி தகவல் பாதுகாப்பு) சட்டப்படி ரெக்கார்டைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்கலாம், அறுபது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், காரணத்தை எழுத்தில் சொல்லி ஒரே ஒரு முறை முப்பது நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் நம் மறுப்புக் கடிதத்தை ரெக்கார்டோடு சேர்க்கச் சொல்லலாம். நான் ஃபார்மஸியின் ரீஃபில் தேதிகளை வரிசையாக இணைத்து அனுப்பினேன், ஒரு மாத்திரைகூட முன்கூட்டி வாங்கியதில்லை என்று அதிலேயே தெரியும். எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் இன்ஷூரன்ஸுக்குப் போன க்ளெய்மில் இருந்ததைத் தனியாக கரெக்டட் க்ளெய்ம் அனுப்பச் சொல்லித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது, பிராப்ளம் லிஸ்டில் அழித்தால் அது தானாகப் போகாது. தம்பி, உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது ரொம்ப ஆறுதலாக இருந்தது.

திருச்சி_ஏஆர்

பில்லிங் பக்கமிருந்து சில விஷயம், இதை யாரும் சொல்லவில்லை.

ஃபேமிலி டாக்டர் க்ளெய்மில் 99214-க்கு (டாக்டர் விசிட் கோடு) முதல் டயக்னோசிஸாக எஃப்13.20 போட்டால் சில பிளான்களில் அது நேராக பிஹேவியரல் ஹெல்த் பார்க்கிற வேறு கம்பெனிக்குத் திரும்பிவிடும், அங்கே டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று டினையல். நான் தினமும் போன் பண்ணிச் சண்டை போடுவதில் பாதி இந்த ரகம். விசிட் எதற்காக நடந்ததோ அதைத்தான் முதலில் வைக்க வேண்டும், பிரஷருக்கும் சுகருக்கும் வந்தவர் என்றால் அது முதலில். டினையலுக்குப் பயந்து வரிசையை மாற்றுவது என்பது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

டாக்டர் உட்கார்ந்து ஸ்க்ரீனிங் செய்து ஆலோசனை சொல்லியிருந்தால் கமர்ஷியல் பிளானுக்கு 99408, 15 முதல் 30 நிமிஷம், அதற்கு மேல் 99409. மெடிகேருக்கு அந்த இரண்டும் போகாது, ஜி0396, ஜி0397 தான். எந்தக் கேள்வித்தாள் பயன்படுத்தினார் என்பதும் எத்தனை நிமிஷம் என்பதும் நோட்டில் இல்லாவிட்டால் தயவுசெய்து போடாதீர்கள், "கவுன்சல்டு" என்ற ஒரு வார்த்தையை வைத்து என்னால் அப்பீல் ஜெயிக்க முடியாது. டாக்டர் சார் சொன்ன யூரின் டெஸ்டில் முதல் ரகம் 80305-லிருந்து 80307 வரை, கன்ஃபர்மேட்டரிக்கு மெடிகேரில் ஜி0480-லிருந்து ஜி0483 வரை, எத்தனை மருந்து வகை என்பதைப் பொறுத்து. ஒரு குளோனசெபாமைத் தேட ஜி0483 (மிக அதிக மருந்து வகைகளுக்கானது) வந்தால் மெடிக்கல் நெசசிட்டி கேட்டு ரெக்கார்ட் ரிக்வெஸ்ட் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டீடாக்ஸ் சென்டர் சார்ட் யாருக்காவது வந்தால் 42 சிஎஃப்ஆர் பார்ட் 2 என்று ஒரு விதி (போதைச் சிகிச்சை ரெக்கார்டைப் பாதுகாப்பது) இருப்பதை மறக்காதீர்கள். அந்த ரெக்கார்டை நோயாளி சம்மதம் இல்லாமல் சாதாரண ரெக்கார்ட் மாதிரி அப்பீலோடு இணைத்து அனுப்பக் கூடாது. 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள், 2026 பிப்ரவரியிலிருந்து அதுதான் நடைமுறை, ஒரே சம்மதத்தில் சிகிச்சை, பேமென்ட் எல்லாம் அடங்கும். ஆனால் சம்மதம் வேண்டும்.

சோழிங்கநல்லூர்_கோடர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன 1.ஏ.19-ஐயும் இசட்79 கைட்லைனையும் வைத்து ரீபட்டல் போட்டேன். எர்ரரை இன்னும் எடுக்கவில்லை, ஆனால் சார்ட்டை ஹோல்டில் போட்டு க்வெரிக்கு அனுப்ப டீம் லீட் ஒத்துக்கொண்டார். டாக்டர் சார், அந்த யூரின் டெஸ்ட் விஷயம் எங்கள் டீமில் யாருக்குமே தெரியாது, இனிமேல் "மிஸ்யூஸ்" என்று வந்தால் லேப் ரிசல்ட்டையும் சேர்த்துப் படிப்பேன். நியூஜெர்சி அக்கா, உங்கள் பதிவை டீம் குரூப்பில் போடலாமா?

க்வெரியை எப்படி எழுதுவது என்று மட்டும் பழைய_ஆடிட்டர் அக்கா சொல்லுங்கள். எங்கள் டெம்ப்ளேட்டில் "எஃப்13.20 சேர்க்கலாமா, ஆம்/இல்லை" என்றுதான் இருக்கிறது.

நியூஜெர்சி_மகள்

தாராளமாகப் போடுங்கள்.

பழைய_ஆடிட்டர்

அந்த டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தாதீர்கள், அது டாக்டர் வாயில் பதிலைத் திணிக்கிற க்வெரி. கோடு எண்ணோ எச்சிசி-யோ பணமோ க்வெரியில் வரவே கூடாது. அவர் எழுதின வரியை அப்படியே எடுத்துப் போட்டு, மருந்து, டோஸ், டேப்பர் பேச்சு இதெல்லாம் எந்தத் தேதி நோட்டில் இருக்கிறது என்று காட்டி, "உங்கள் கிளினிக்கல் கருத்துப்படி இந்த நோயாளியின் நிலையைத் தெளிவுபடுத்தவும்" என்று கேளுங்கள். கீழே நான்கு தேர்வுகள்: (1) எழுதிக்கொடுத்தபடி நீண்ட காலம் எடுப்பதால் வந்த உடல் சார்பு மட்டும், யூஸ் டிஸ்ஆர்டர் இல்லை; (2) யூஸ் டிஸ்ஆர்டர், மைல்டா மாடரேட்டா சிவியரா; (3) வேறு ஏதாவது; (4) சொல்ல இயலவில்லை. கடைசி இரண்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் பதில் வந்தால் எங்கள் ஷாப்பில் எஃப்41.1, இசட்79.899 இரண்டோடு நிறுத்திவிடுவோம். உங்கள் கிளையன்ட் இதற்கு என்ன பாலிசி வைத்திருக்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். மைல்டு என்று வந்தால் எஃப்13.10, மாடரேட், சிவியர் என்றால் எஃப்13.20, அப்போது இசட்79.899-ஐ எடுத்துவிட வேண்டும். பதில் நோட்டில் அடெண்டமாக (பின்சேர்க்கையாக) டாக்டர் கையெழுத்தோடும் தேதியோடும் ஏற வேண்டும், மெயிலில் வந்த பதிலை வைத்துக் கோட் பண்ணாதீர்கள். ரூம்மேட்டுக்கும் இதே மாதிரிதான், அவள் சார்ட்டில் தேர்வுகள் யூஸ், அப்யூஸ், டிபென்டென்ஸ், எதுவும் இல்லை என்று மாறும். ரீஃபில் ஏன் நின்றது என்பதையும் அந்த க்வெரியிலேயே சேர்த்துக் கேட்டுவிடச் சொல்லுங்கள், இரண்டு தடவை அனுப்பினால் ஈடி டாக்டர்கள் பதிலே போட மாட்டார்கள்.